‘தொந்தரவு தராத கைதி’ எப்படிச் செத்தார்?

வாசகர் கேள்விகள்
பதில்: அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மனநல மருத்துவர்

சென்ற இதழில், சிறையில் இருக்கும் மகனைப் பற்றி எழுதிய ஒரு தகப்பனாருக்குப் பதில் சொல்லும்போது, “உள்ளே கத்திக் கூப்பாடு போடும் மனநோயாளியைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை, மூலையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டவரைப் பற்றித்தான் பயம்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிறைத்துவிட்டன. தூக்கமின்மை, பரீட்சை பயம், மாமியார் சண்டை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் தம்பிக்கு வயது 31. ஒன்பது வருஷமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தான். டீக்கடையில் ஏதோ வாய்த்தகராறு, ஷோகேஸ் கண்ணாடியை உடைத்துவிட்டான். ரிமாண்ட் செய்து கிளைச் சிறையில் போட்டார்கள். மாத்திரையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். “வெளி மாத்திரையெல்லாம் வாங்கக் கூடாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் மனுவில் (சிறையில் போய்ப் பார்ப்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்) பார்த்தபோது கத்திக்கொண்டிருந்தான். அடுத்த மனுவில் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். என்னையே பார்த்தான், பேச்சு இல்லை. வார்டர் அவன் கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கிய இடத்திலேயே கை நின்றது. “பாரும்மா, எப்படி நடிக்கிறான். ஆனா இப்ப தொந்தரவே இல்ல” என்றார். அதற்கு நாலாம் நாள் திடீரென்று மூச்சுத்திணறலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். இயற்கை மரணம் என்று சொல்கிறார்கள். 31 வயசில் என்னம்மா இயற்கை? மாத்திரை நின்றால் உயிர் போகுமா? இனிமேல் நான் என்ன செய்ய முடியும்?
– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: தாயி, தூக்கிய இடத்திலேயே கை நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. மனநல மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் அடையாளம் அது. கேட்டடோனியா என்று பெயர். பேச்சு நின்றுவிடும், சாப்பாடு தண்ணீர் இறங்காது, உடம்பை எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே இருக்கும். உங்கள் தம்பி நடிக்கவில்லை. வார்டர் நடிப்பு என்று காட்டியதே நோயின் சரியான அடையாளம்தான்.

மாத்திரை நின்றால் உயிர் போகுமா என்று கேட்கிறீர்கள். நின்ற அன்றே போகாது. எது நின்றது என்பதைப் பொறுத்தது. குளோசபின் என்ற மாத்திரையையோ, லோராசிபாம் மாதிரி பதற்றம் தணிக்கும் மாத்திரையையோ நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்குச் சட்டென்று நிறுத்தினால், இந்த விறைப்பு நிலையே வரக்கூடும். சோடியம் வால்புரோயேட் என்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நிறுத்தினால் வலிப்பு வரலாம். குளோசபினில் இன்னொரு சங்கடம் உண்டு. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பழைய சீட்டைப் பார்த்து முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாய்ந்துவிடலாம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது என்ற மூன்றும் தெரியாமல் சிறை மருத்துவர் சரியாக எதுவும் செய்ய முடியாது.

விறைப்பு நிலையில் நாள்கணக்கில் அசையாமல், தண்ணீர் இல்லாமல் கிடந்தால் காலில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், நிமிஷங்களில் மரணம். இது ஒரு வழி. எச்சிலும் கஞ்சியும் புரையேறி நிமோனியா வருவது இன்னொரு வழி. மூன்றாவதாக, ‘அடங்கட்டும்’ என்று யாராவது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டிருந்தால், அதற்கு ஒத்துக்கொள்ளாமல் கடுங்காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து சிறுநீரகம் படுத்துவிடலாம். உங்கள் தம்பிக்கு எது நடந்தது என்று கடிதத்தை வைத்து நான் சொன்னால் அது மருத்துவம் ஆகாது. ஆனால் இந்த மூன்றுமே வெளியே ஓர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கக்கூடியவை. கேட்டடோனியாவுக்கு லோராசிபாம் ஊசி போட்டால், பல பேருக்குப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வாய் திறந்துவிடும். அப்படித் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். நுரையீரல் தமனியைத் திறந்து பார்த்தார்களா, கால் ரத்தக்குழாய்களைப் பார்த்தார்களா, உடல் எடை என்ன, உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று அதில் தேட வேண்டும். தெரிந்த மருத்துவர் ஒருவரை உடன் வைத்துப் படியுங்கள். காவலில் நேரும் மரணத்தை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176. இயன்றவரை உறவினருக்குத் தகவல் கொடுத்து, விசாரணையில் உடனிருக்க விட வேண்டும் என்றும் அதிலேயே உண்டு. ‘இயற்கை’ என்று எழுதிவிட்ட சாவுகளில் இந்த விசாரணை ஒப்புக்கு நடந்து முடிவதுதான் வழக்கம். ஆகவே அழைப்பு வரும் என்று காத்திருக்காமல் நீங்களே நடுவரிடம் மனு கொடுங்கள். கை நின்றதைச் சொல்லுங்கள், மாத்திரை திரும்பி வந்ததைச் சொல்லுங்கள், பழைய மருந்துச் சீட்டுகளைக் கொடுங்கள். நீங்கள் மனு பார்த்த தேதிகள் சிறைப் பதிவேட்டில் இருக்கும். சி.சி.டி.வி. பதிவு நாளாக ஆகத் தானே அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்கச் சொல்லி இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். சிறைக்குள் போன அன்று எழுதிய மருத்துவப் பரிசோதனைப் படிவத்தையும் கேளுங்கள். ‘மனநோய்: இல்லை’ என்று அதில் டிக் அடித்திருந்தால் உங்கள் வழக்கில் பாதி அங்கேயே இருக்கிறது.

மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுப்பதானால் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள். பெண் என்பதால் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உங்களுக்கு உரிமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100-க்கும் போன் செய்யலாம். காவலில் நேர்ந்த மரணத்துக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 1993-லேயே நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒடிசாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதிய கடிதத்தில் தொடங்கிய வழக்கு.

கேள்வி: 30 வருஷம் வார்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேடம், எல்லாப் பழியையும் எங்கள் மேல் போடுகிறீர்கள். ஒரு பிளாக்கில் நூற்றுச் சொச்சம் பேர், பார்ப்பது நான் ஒருத்தன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னால் வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்பார்கள். இதில் பைத்தியம் மாதிரி நடித்து ஆஸ்பத்திரியில் சொகுசாகப் படுப்பவன் நிஜமாகவே உண்டு. எவன் நோயாளி, எவன் நடிகன் என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வு பெற்ற வார்டர், சேலம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. நடிப்பவர்கள் உண்டு. நானே சிலரிடம் ஏமாந்திருப்பேன், போகட்டும். ஒரு நடிகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அரசாங்கத்துக்கு நஷ்டம் ஒரு வேன் டீசலும் இரண்டு காவலர் பேட்டாவும்.

ஆள் பற்றாக்குறையைக் கேளுங்கள். 2025-இல் வந்த இந்திய நீதி அறிக்கையின்படி, நாடு முழுக்கச் சிறைகளில் 5.7 லட்சம் பேருக்கு உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்த்து 25 பேர். 500 கைதிக்கு ஒருவர் என்பது 2016-இன் மாதிரிச் சிறைக் கையேடு சொல்லும் கணக்கு. இருக்கும் 25 பேரைப் பங்கு போட்டால் ஒருவருக்கு 22,000-க்கு மேல் வருகிறது. பெங்களூரு மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் 5,000-க்கும் மேற்பட்ட கைதிகளைப் பரிசோதித்து 2011-இல் அறிக்கை கொடுத்தார்கள். குடி, கஞ்சா பழக்கங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலே 27.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. அதில் மனச்சிதைவு போன்ற தீவிர நோய் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கை நீங்கள் ஒருத்தர், லத்தியும் விசிலும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கிறது. இது உங்கள் குற்றம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். யார் நடிகன் என்று கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அது எங்கள் வேலை. உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது: தட்டைப் பாருங்கள், தண்ணீர்ச் செம்பைப் பாருங்கள். இரண்டு வேளை தட்டு அப்படியே இருந்தால், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், உடம்பு கொதித்தால், விறைத்தால், நேற்றுவரை பேசியவன் இன்று பேசவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள், பணிப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவையுங்கள். நடிப்பாகவே இருந்தாலும், தண்ணீர் குடிக்காமல் நடிப்பவனுக்கும் சிறுநீரகம் கெடும்.

நான் வாரம் ஒருமுறை போய்வந்த ஒரு சிறையில் நடந்தது. நாற்பதைத் தாண்டிய விசாரணைக் கைதி ஒருவர். ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார், ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை. அவர் பெயர் என் பட்டியலில் இருந்ததே இல்லை. காரணம், யாருக்கும் அவரால் சிரமம் இல்லை. ஆஸ்பத்திரிப் பகுதியில் துடைத்துப் பெருக்கும் ஆயுள் கைதி ஒருவர்தான், நான் கிளம்புகிற நேரம் பார்த்து வந்து, “அம்மா, ஏழாம் நம்பர்ல ஒருத்தன் மூணு நாளா கஞ்சியத் தொடல. பக்கத்துல படுக்கிறவன் எடுத்துத் திங்கிறான், அதனால தட்டு காலியாத்தான் வெளிய வருது” என்றார். போய்ப் பார்த்தால் ஆள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், நாக்கு வெடித்திருக்கிறது, கண் சிமிட்டவில்லை. ஊசி போட்டுச் சற்று நேரத்தில் மெல்லத் தலையைத் திருப்பி, “டீ இருக்கா?” என்றார். சூப்பிரண்டு அன்றைக்குத் தன் ஃபிளாஸ்க்கையே கொடுத்து அனுப்பினார். பிறகு ஒரு மாதம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்து தேறினார். மனநோயாளியைப் பற்றிச் சரியான தகவல் எப்போதும் பக்கத்துப் பாயில் படுப்பவரிடம்தான் இருக்கும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

கோடைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. மனநோய்க்கான பல மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூட்டைத் தணிக்கும் சக்தியைக் கெடுக்கும். லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்தே விஷமாகும். மே மாதத்துக் காங்கிரீட் கூரைக்கு அடியில் மாலை ஆறு மணிக்கு அடைத்துக் காலையில் திறக்கும் அறையில், அவர்களுக்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் கூட வைப்பது பெரிய விஷயம் இல்லையே.

கேள்வி: சத்தம் போடும் மனநோயாளியைத் தனிச் செல்லில் அடைத்தால் அவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது அல்லவா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: மற்றவர்களுக்கு நல்லது, ஒரு ராத்திரிக்கு. அவருக்கு, பக்கத்துப் பாய்க்காரர் என்ற ஒரே பாதுகாப்பும் போய்விடும். தனிமையால் நோய் முற்றும் என்றால், அந்த மனநோயாளியைத் தனிமைச் சிறையில் வைக்கவே கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 45-ஆவது விதி சொல்கிறது. வேண்டியது வார்டு, செல் அல்ல.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன் நான். மனநோயாளியைச் சிறையில் வைப்பதே சட்டப்படி சரியா? குற்றம் செய்தபோது மனநிலை சரியில்லை என்றால் விடுதலை என்கிறார்களே, பிறகு எப்படி இத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்?
– மாணவர், செங்கல்பட்டு

பதில்: தம்பி, நீங்கள் இரண்டைக் குழப்புகிறீர்கள், பெரிய வக்கீல்களே குழப்புவார்கள். குற்றம் செய்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒன்று. பழைய தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. அது விசாரணையின் முடிவில் தெரிவது. விசாரணையைப் புரிந்துகொண்டு தன் பக்கத்தைச் சொல்லும் நிலையில் இப்போது இருக்கிறாரா என்பது வேறு. சிறையில் சாகும் மனநோயாளிகளில் பலர் இந்த இரண்டாவது கதவின் வாசலில் மாட்டிக்கொண்டவர்கள். விசாரிக்கும் நிலையில் இல்லை, அதனால் வழக்கு நகராது. வழக்கு நகராததால் விடுதலையும் இல்லை.

குற்றமே செய்யாதவரை, மனநோய் என்ற காரணத்துக்காகச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993-இல் ஷீலா பர்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை மேற்கு வங்கத்தில் அப்படி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். 100-ஆவது பிரிவு: தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கவே கூடாது. 103-ஆவது பிரிவு: ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் இருக்க வேண்டும். மனநோயுள்ள கைதியை அங்கேயோ வெளி மனநல மருத்துவமனைக்கோ மாற்றலாம். அதே பிரிவில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ‘இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதிகள் யாரும் இல்லை’ என்று மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். இல்லை என்று எழுதச் சொல்லும் சட்டம். எழுதிவிடுகிறார்கள். இந்தப் பிரிவை எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள், நோயாளியை உடனே மாற்றிவிடுவார்கள் என்று நம்பி. நானாக இருந்தால், எத்தனை பேர் இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து, கடைசியாக எடை பார்த்த தேதி என்ன என்று கேட்டிருப்பேன்.

‘தொந்தரவு தராதவர்’ எப்படி மறக்கப்படுவார் என்பதற்கு மச்சாங் லாலுங் என்ற அசாம்காரரின் வாழ்க்கை ஒன்று போதும். 1951-இல் கைது. வயது 23. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் குணமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை, குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 2005 ஜூலையில் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் விடுதலை. 54 வருஷம்! உச்ச நீதிமன்றம் 3 லட்சம் ரூபாயும் மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007-இல் இறந்துபோனார். அவர் உள்ளேயே இறந்திருந்தால் அதுவும் ‘இயற்கை மரணம்’ என்ற கணக்கில் ஓர் எண்ணாகப் போயிருக்கும்.

அந்தக் கணக்கையும் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் இந்தியச் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள். 1,773 இயற்கை, 159 இயற்கைக்கு மாறானவை, மீதிக்குக் காரணம் அப்போது தெரியவில்லை. அந்த 159-இல் 119 தற்கொலை. பத்திரிகைகள் இந்த 119-ஐப் பற்றி எழுதுகின்றன, எழுத வேண்டும்தான். உள்ளே போன முதல் சில நாட்கள், தீர்ப்பு வந்த நாள், வீட்டிலிருந்து யாரும் வராமல் நின்றுபோன மாதம், இவையெல்லாம் ஆபத்தான காலங்கள். ஆனால் 1,773-க்குள் எத்தனை பேர் மாத்திரை கிடைக்காத மனநோயாளிகள் என்று கேட்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. மாரடைப்பு, நுரையீரல், கல்லீரல் என்று பெரும்பாலும் உறுப்பு வாரியாகத்தான் பிரிக்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் இதயம்தானே நிற்கிறது! படிப்பு முடித்து வக்கீலான பிறகு இந்த 1,773-ஐத் திறக்கும் வேலையை யாராவது ஒருவர் எடுங்கள்.

கேள்வி: நான் கனடாவில் 20 வருஷமாக இருக்கிறேன். இதெல்லாம் நம் ஊர் அலட்சியம். இங்கே இப்படி நடக்குமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: நீங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலேயே நடந்தது. 2007 அக்டோபரில் கிச்னர் நகரத்துச் சிறையில் ஆஷ்லி ஸ்மித் என்ற 19 வயதுப் பெண், காவலர்கள் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்தார். மூச்சு இருக்கும்வரை உள்ளே போகக் கூடாது என்பது அவர்களுக்கு வந்த உத்தரவு. 15 வயதில் தபால்காரர் மேல் காட்டு ஆப்பிளை எறிந்ததற்காகத் தொடங்கிய தண்டனை, உள்ளே செய்த சின்னச் சின்ன மீறல்களால் நீண்டுகொண்டே போனது. கடைசி 11 மாதத்தில் 17 தடவை இடம் மாற்றினார்கள். எந்த மருத்துவருக்கும் அவரை முழுதாகத் தெரியாது. 2013-இல் விசாரணை ஜூரி அது பிறர் செயலால் நேர்ந்த சாவு என்று முடிவு சொன்னது.

அமெரிக்காவில் வர்ஜீனியாவில், 2015-இல், 24 வயது இளைஞர். கடையில் ஐந்து டாலர் பெறுமான தின்பண்டம், குளிர்பானம் எடுத்தார் என்று கைது. மனநோய் தெரிந்த நீதிபதி, மனநல மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த உத்தரவு மருத்துவமனையில் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. கைதாகி நாலு மாதத்துக்குள் இளைத்து இளைத்து, ஆகஸ்டில் ஹாம்ப்டன் ரோட்ஸ் சிறையில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? இதயத்துடிப்பு கெட்டது, காரணம் தெரியாத உடல் மெலிவு. மரண வகை: இயற்கை. தென் மாவட்டத்துச் சகோதரிக்குச் சொன்ன அதே சொல். வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பம் வழக்குப் போட்டு 30 லட்சம் டாலர் இழப்பீடு வாங்கியது. நம் ஊரில் பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்குவதற்கே அலைய வேண்டியிருக்கிறது.

கேள்வி: சிறையை விட, கோயில் தர்கா பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவது மேல் அல்லவா?
– வாசகர், பரமக்குடி

பதில்: பரமக்குடியிலிருந்து இப்படி எழுதுகிறீர்களே. உங்கள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை நடந்த தீவிபத்து மறந்துவிட்டதா? காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சாமி கும்பிடுங்கள், தர்காவுக்கும் போங்கள், மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது, மனச்சிதைவு. மாத்திரையைத் துப்பிவிட்டால் ரோட்டில் போகிறவர்களிடம் சண்டைக்குப் போகிறான். இரண்டு தடவை ஸ்டேஷன் வரை போய்விட்டது, தெரிந்தவர் மூலம் கூட்டிவந்தோம். ஒருநாள் ரிமாண்ட் ஆகிவிட்டால் என்ன செய்வது? ஸ்டேஷனில் நோயைச் சொல்லிவிட்டால் ஊருக்கெல்லாம் தெரிந்து, அவனுக்குக் கல்யாணம் நடக்காதே என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கரூர்

பதில்: கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம் அம்மா. மறைத்ததால் நல்லது நடந்த குடும்பம் ஒன்றையும் நான் கண்டதில்லை. ஸ்டேஷனில் சொல்லுங்கள், ரிமாண்டுக்காக நிறுத்தும்போது நடுவரிடமும் சொல்லுங்கள். உறவினர் எழுந்து நின்று, “ஐயா, இவனுக்கு மனநோய், சீட்டு இருக்கிறது, மாத்திரை நின்றால் ஆபத்து” என்று சொன்னால், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்கலாம். வக்கீல் இல்லையென்றால் ரிமாண்டு நேரத்துக்கென்றே சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் உண்டு, அவரைப் பிடியுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்குங்கள். 2016-இன் சட்டத்தில் மனநோயும் ஒரு மாற்றுத்திறன்தான். உதவித்தொகைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், ஸ்டேஷனில் நாலு பக்கம் விளக்குவதை விட அந்த அட்டை வேகமாக வேலை செய்யும்.

சிறை வாசலில் மாத்திரையை நீட்டினால் வாங்க மாட்டார்கள். மாத்திரை என்ற பெயரில் போதை மருந்து உள்ளே போவது உண்மை, அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது. அதனால் மாத்திரையை நீட்டாமல் கடிதத்தைக் கொடுங்கள். ‘சிறை மருத்துவ அலுவலர்’ என்று முகவரியிட்டு, நோயின் பெயர், ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அளவு, வேளை, கடைசியாகச் சாப்பிட்ட நாளும் நேரமும், முன்பு எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, சிகிச்சை தரும் டாக்டர் போன் நம்பர், எல்லாம் ஒரே பக்கத்தில். மருந்துச் சீட்டின் நகலை அதோடு பின் அடித்துக் கொடுத்து, உங்களிடம் உள்ள பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் சூப்பிரண்டுக்கு அனுப்புங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் அரசு தலைமை மருத்துவமனையில் இருப்பார். ஒரு போன் அவரிடமிருந்து சிறை மருத்துவருக்குப் போனால், மாத்திரை உள்ளேயே கிடைக்க வழி பிறக்கும். ராத்திரியில் கை கால் ஓடவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

மனுவில் பார்க்கும்போது அழுதுவிட்டு வந்துவிடாதீர்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, வெளிக்குப் போனானா, என்ன மாத்திரை தருகிறார்கள், அது என்ன நிறம் என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லவில்லையென்றால் பக்கத்தில் படுப்பவர் பெயரைக் கேட்டு, அவர் வீட்டிலிருந்து மனுவுக்கு வருபவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடப்பது அவர்கள் மூலம் தெரியவரும்.

இதையெல்லாம் கைது நடக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை ரிவியூவுக்குப் போகும்போது டாக்டரிடம் தமிழிலும் ஒரு சுருக்கச் சீட்டு எழுதி வாங்கி மூன்று ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று உங்கள் பீரோவில், ஒன்று அவன் சட்டைப் பையில், ஒன்று உங்கள் தம்பி வீட்டில். ராத்திரி போன் வந்தால் நீங்கள் ஸ்டேஷனுக்கு ஓடுங்கள், தம்பி சீட்டோடு காலையில் கோர்ட்டுக்கு வந்துவிடட்டும்.